தரைக்கு மேலே ஒரு நிலவறை

கட்டப்போகும் வீட்டின் நிலவறைக்குப் படி எங்கிருந்து இறங்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலிருந்தே இறங்கினால் மழைக்காலத்தில் நனையாமல் போய்வரலாம் என்றாள் சொர்ணம்மாள். முன்புறத்திலிருந்து இறங்கினால் வண்டியில் வரும் கருப்பட்டிச் சிப்பங்களை நேராக உள்ளே கொண்டுபோகலாம் என்றார் அவள் புருஷன் பொன்னுலிங்கம். ஞானதாசன் கொத்தனார் இரண்டையும் பலகையில் கரிக்கட்டையால் வரைந்து காட்டினான். காற்றுப் போக ஒரு துவாரம் வேண்டும் என்று அவள் சொன்னதும் அதையும் ஒரு வட்டமாகப் போட்டான். அது சிறிதாக இருக்கிறது என்று அவள் சொல்ல, அழித்துவிட்டுப் பெரிதாக வரைந்தான்.

கொட்டாரம் சந்தையில் பொன்னுலிங்கத்துக்குக் கருப்பட்டி வியாபாரம். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு முறிகளில்தான் குடும்பம். முறிக்குள் பரணில் சிப்பங்கள் அடுக்கியிருக்கும்; கீழே அடுப்பு எரியும்; அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்கை. கலியாணமாகி வந்த நாள் முதல் பத்தொன்பது வருஷம் சொர்ணம்மாள் அந்தப் புகையிலும் எறும்பிலும் கிடந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்ததும் அங்கிருந்துதான். இப்போது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டில், ஊருக்கு வெளியே வயலை ஒட்டி இருபது சென்ட் மனை வாங்கி, சொந்தமாக ஒரு வீடு. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. கருப்பட்டியை யாராவது மண்ணுக்கடியில் வைப்பார்களா? ஈரக்காற்று பட்டாலே கசிந்து, நாலு நாளில் சிப்பத்து ஓலையெல்லாம் பிசுபிசுக்கும். அதற்காகத்தானே எல்லோரும் அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைக்கிறார்கள். முதல் நாளே கேட்டாள். கள்ளன் பயம் என்றார் பொன்னுலிங்கம். வடக்கே ஒரு மண்டியில் கன்னம் வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், நிலவறையென்றால் ஒருத்தனுக்கும் தெரியாதாம். இத்தனை வருஷத்தில் அவளிடம் பொய் சொன்ன மனுஷன் இல்லை. அவள் நம்பினாள். நம்பினதோடு நிற்காமல், துவாரம் பெரிதாக இருக்கட்டும் என்று யோசனையும் சொன்னாள்.

மாசி மாதக் கடைசியில் குழி தோண்டினார்கள். மூன்றடியில் களிமண் வந்தது. ஐந்தடியில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. மறுநாள் காலையில் சொர்ணம்மாள் போய்ப் பார்த்தபோது குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது.

ஞானதாசன் ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்தான். "மைனி, இது நிலவறை இல்ல, கெணறு" என்றான்.

வயலில் அறுப்பு முடிந்து, வாய்க்காலில் தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம் அது. இப்போதே இப்படியென்றால் ஐப்பசியில் என்ன ஆகும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையில் பொன்னுலிங்கம் வந்தார். குழியைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு சுவரா வச்சு நடுவுல களிமண்ண இடிச்சிருலாம் ஞானதாசா. சுண்ணாம்புல கடுக்காயும் கருப்பட்டித் தண்ணியும் கூடுதலாச் சேத்துப் பூசினா ஒரு சொட்டு எறங்காது."

"கருப்பட்டியக் காப்பாத்துகதுக்குக் கருப்பட்டியக் கரச்சு ஊத்தணுமா?" என்றாள் சொர்ணம்மாள். "எதுக்கு இந்தப் பாடு? மேல ஒரு மாடி எடுத்திருவோம். சரக்கு அங்க காத்தோட்டமா இருந்திட்டுப் போகுது. கள்ளன் மாடிக்கா ஏறி வரப்போறான்?"

"மாடிப் பேச்சே எடுக்கப்பிடாது" என்றார் அவர். சொல்லும்போது கண் தெற்கே போய் வந்தது. தெற்கே, தென்னைகளுக்கு அந்தப்புறம் சிவதாணு பிள்ளையின் வீட்டு ஓட்டுக்கூரை தெரிந்தது. சுற்றிலும் உள்ள வயல்களில் பாதிக்கு மேல் அவருடையவை. பொன்னுலிங்கம் கடைக்குப் போய்விட்டார்.

அந்தப் பார்வையை அவள் கவனித்துவிட்டாள். ஞானதாசன் தலையைக் குனிந்துகொண்டு கம்பில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான். துடைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"ஞானதாசா, எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு. என்ன காரியம்?"

"அண்ணாச்சி ஒங்ககிட்டச் சொல்லலியா?"

"சொல்லல. நீ சொல்லு."

அவன் கம்பைக் குழியோரத்தில் சாத்தினான். பிறகு சொன்னான். தை மாதமே இரண்டு பேருமாகச் சிவதாணு பிள்ளையின் வீட்டுக்குப் போனார்களாம். பக்கத்தில் வீடு வைக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று பொன்னுலிங்கம்தான் கூட்டிப்போனார். முற்றத்துப் பலாமரத்தடியில் வெகுநேரம் நின்றார்கள். பிள்ளை சாய்வு நாற்காலியில் படுத்தபடியே பேசினார்.

"என்ன சொன்னாரு?"

"வீடு கட்டு, நல்லாக் கட்டு, ஆனா எனக்க வீட்டு முத்தத்தில நிக்கவன் அண்ணாந்து உன்னப் பாக்கப்பிடாதுன்னாரு. மாடி எடுத்தா வண்டிப்பாதைய அடச்சிருவேன்னாரு. சரக்கு வைக்க எடம் வேணும்னா கீழ தோண்டிக்கோன்னாரு."

"இவரு என்ன சொன்னாரு?"

"உத்தரவுன்னாரு."

சொர்ணம்மாளுக்குக் காது இரண்டும் கொதித்தன. சாலையிலிருந்து மனைக்கு வரும் பாதை பிள்ளையின் வரப்பு வழியாகத்தான் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக எல்லோருடைய வண்டியும் போய்வந்த பாதை. அதை அடைப்பேன் என்று ஒருவன் சொன்னால் பயம் வரும்தான். அது கூட அவளுக்கு விளங்கியது. விளங்காதது அந்தப் பலகை. படி எங்கே, துவாரம் எங்கே என்று ஒரு மாதமாக அவளை உட்கார்த்தி வைத்துக் கேட்டாரே, அது எதற்கு? எல்லாம் வேறொருத்தன் முற்றத்தில் முடிவான பிறகு, சின்னப்பிள்ளைக்குச் சொப்பு கொடுப்பதுபோல ஒரு கரிக்கோட்டைக் கொடுத்து விளையாட விட்டிருக்கிறார். அவளும் வட்டம் சிறிதாக இருக்கிறது என்று விளையாடியிருக்கிறாள்.

மத்தியானம் பொன்னுலிங்கம் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இலை இல்லை. அடுப்பில் நெருப்பும் இல்லை.

"சோறு வைக்கலியா?"

"பண்ணையாருக்க வீட்டில கேளுங்க. வீட்டுக்குக் கீழ குழி தோண்டுகதே அவருக்க உத்தரவு. சோத்துக்கு மட்டும் நான் எதுக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். "பைய பேசு. கடையில ஆளு நிக்கு."

"நிக்கட்டும். நீங்க பலாமரத்தடியில நிக்கும்போது பாத்த ஆளுவதானே. எங்கிட்டக் கள்ளன் பயம்னு சொன்னிய. எந்தக் கள்ளன்? நாற்காலியில படுத்திருந்தானே, அவனா?"

"ஏட்டி, வாய அடக்கு. பாதைய அடச்சான்னா வண்டி எப்படி வரும்? வண்டி வரல்லன்னா சரக்கு எங்க எறக்குவ? கஞ்சிக்கு என்ன செய்வ?"

"அத எங்கிட்டச் சொன்னா என்ன? ஞாயித்துக்கிழம தாங்கலுக்கு அய்யாவக் கும்பிடப் போறிய. அவருக்கு முன்னால தலப்பாவக் கட்டிக்கிட்டு நிமிந்து நிக்கிய. யாருக்கும் கும்பிடு போடாதேன்னு அய்யா கட்டச் சொன்னதுதானே அது? மத்த ஆறு நாளும் அத எங்க வைக்கிய?"

பொன்னுலிங்கம் கை ஓங்கினார். இத்தனை வருஷத்தில் ஓங்காத கை. அவள் நகரவில்லை, அடித்தால் அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் கையைத் தாழ்த்தி, கதவைத் திறந்துகொண்டு, சாப்பிடாமலே கடைக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவள் தனியாகச் சிவதாணு பிள்ளையைப் பார்க்கப் போனாள். அவர் களத்தில் இருந்தார். அறுத்த நெல் குவிந்து கிடந்தது. பக்கத்தில் காரியஸ்தன் கிருஷ்ணமணி குடை பிடித்துக்கொண்டு நின்றான். களத்து ஓரத்தில் வந்து நின்றவளைப் பிள்ளை பார்த்தார். பார்த்துவிட்டுக் காரியஸ்தனிடம் கேட்டார்.

"கிருஷ்ணமணி, இவளுக்க மாப்பிளைக்குச் சொகமில்லையான்னு கேளு. பொம்பளைய அனுப்பியிருக்கான்."

"அவரு அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றாள் சொர்ணம்மாள். "பண்ணையாரே, நாங்க வீட்டுக்கு மேல மாடி எடுத்தா பாதைய அடப்பேன்னு சொன்னது நெசந்தானா?"

பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இந்த முறை நேராக அவளிடமே பேசினார். கோபமே இல்லாத குரல்.

"உனக்க மாப்பிள நல்ல மனுஷன். சொன்னாக் கேப்பான். நீ அவனக் கெடுக்காத. உங்க ஆளுவளுக்கு இப்பம் கையில நாலு காசு ஓடுது, நான் வேண்டாம்னு சொல்லுகேனா? உசரம் மட்டும் வேண்டாம். கீழ தோண்டு. எத்தன அடி வேணும்னாலும் தோண்டு. பாதாளம் வரைக்கும் போ. யாரு கேக்கப் போறா?"

காரியஸ்தன் சிரித்தான். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. அவளுக்கு நாக்கு நுனிவரை பத்து வார்த்தை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுகையும் சேர்ந்து வந்திருக்கும். அவர் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை. திரும்பி நடந்தாள். வரப்பில் நடக்கும்போது கால் இடறி ஒரு தடவை விழப்போனாள். அதற்கும் பின்னால் சிரிப்பு கேட்டது, அல்லது கேட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராக மனைக்கு வந்தாள். ஞானதாசன் குழியின் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"எறைக்காத. இதுல ஒண்ணும் வைக்கப் போறதில்ல. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. வீட்டுக்கு அடித்தளம் எத்தன அடி உசத்தலாம்?"

"சாதாரணமா ரெண்டடி. வயலோரம்னா மூணு."

"ஏழடி உசத்தினா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"உள்ள மண்ணு போட்டு நெறைக்காம வெறுமையா விடு. சுத்திக் கருங்கல்லு, நடுவுல கல்லுத்தூண், மேல கற்பலகை. கற்பலகைக்கு மேல வீடு. கீழ இருக்க எடத்தில சரக்கு. அதுக்கத் தரையும் மண்ணுக்கு ரெண்டடி மேல நிக்கணும். முடியுமா முடியாதா?"

"முடியும் மைனி. கல்லு நெறைய வேணும். ஆனா அது நிலவறை இல்லியே."

"நிலவறைதான். எனக்க வீட்டுக்குக் கீழ இருக்கது எனக்கு நிலவறை. இவரு பண்ணையாருக்கு வாக்குக் குடுத்தது நிலவறைக்கு. எவ்வளவு ஆழம்னு யாரும் கேக்கல்ல."

ஞானதாசன் பலகையை எடுத்தான். பழைய படத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக வரைந்தான். ஒன்பது படி ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணாச்சி சொல்லாம நான் கல்லு வைக்க மாட்டேன் மைனி. என்னக் கொற சொல்லப்பிடாது."

அன்று இரவு சொர்ணம்மாள் அந்தப் பலகையைப் புருஷன் முன்னால் வைத்தாள். பொன்னுலிங்கம் ஒரு தடவை பார்த்தார். "பாதைய அடப்பாரு" என்றார். "அடக்கட்டும்" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் அவள் மண்வெட்டியும் மண் சுமக்கும் ஓலைக் கடவமுமாக மனைக்குப் போய், தோண்டிய குழியைத் தூர்க்கத் தொடங்கினாள். ஆட்கள் மூன்று நாள் தோண்டிய குழி. களிமண் கனத்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒற்றையாக வெட்டிப் போட்டாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வந்து, மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஏதாவது பிணக்கா என்று விசாரித்தாள். இவள் நிமிரவில்லை. மறுநாளும் அப்படியே. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் களத்துச் சிரிப்பு ஞாபகம் வந்தது; அதற்கு மேலே "உத்தரவு" என்ற ஒரு சொல் ஞாபகம் வந்தது. இரண்டாவதுதான் அதிகமாக எரிந்தது.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் பொன்னுலிங்கம் வந்தார். பாதிக்கு மேல் தூர்ந்திருந்த குழியையும் அவள் கையில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். நேராக ஞானதாசன் இருந்த இடத்துக்குப் போனார்.

"அவ சொன்னபடி வை" என்றார். உடனே திரும்பிப் போய்விட்டார்.

பங்குனியில் வேலை தொடங்கியது. மலையடிவாரத்திலிருந்து கல் வண்டி வண்டியாக வந்தது. அடித்தளம் மூன்றடி வரைக்கும் ஒருவரும் கவனிக்கவில்லை. நாலடியைத் தாண்டியதும் கிருஷ்ணமணி குடையோடு வந்து, கல்லை எண்ணுகிறவனைப்போல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்த நாள் காலையில் வண்டிப்பாதையின் குறுக்கே இரண்டு பனந்தடி கிடந்தது. அதற்கு மேலே ஆளுயரத்துக்கு முள்.

கல் வண்டிகள் சாலையில் நின்றன. வண்டிக்காரர்கள் அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். மனைக்கு வர வேறு வழி வாய்க்கால் கரைதான். அது பொதுக்கரை, அரை மைல் சுற்று, ஒரு ஆள் நடக்கலாம். பெரிய கற்பலகைகளை நாலு நாலு பேராகக் கம்பு கட்டித் தூக்கினார்கள். மற்றதெல்லாம் தலைச்சுமை. கூலிக்கு வந்த பெண்களோடு சேர்ந்து சொர்ணம்மாளும் சும்மாடு வைத்துச் சுமந்தாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால் இன்னும் வேகமாக நடப்பாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வெள்ளென அவள் கரையில் சுமையோடு போகும்போது எதிரே பொன்னுலிங்கம் வந்தார். ஒரு நடை கொண்டுபோட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். கடை திறக்கும் முன்னால் வந்திருக்கிறார். தோளெல்லாம் கல்பொடி. கரை ஒடுக்கமானதால் அவர் வாய்க்கால் பக்கமாக இறங்கி நின்று அவளுக்கு வழி விட்டார். அவள் கடந்து போனாள். அதன் பிறகு தினமும் அந்த நேரத்தில் அப்படித்தான் கடந்து போனார்கள்.

சுவர் எழும்பும்போது ஞானதாசன் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டான். தெற்கே வைத்தால் பிள்ளையின் முற்றமும் குளத்துப்படியும் நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தான். வைக்கச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"அவருக்க முத்தத்தப் பாத்துக்கிட்டு எனக்கு என்ன வேலை?" என்றாள். "மலையப் பாத்து வை. அங்கதான் காத்து."

ஆனாலும் சிவதாணு பிள்ளையின் வீட்டு வடபுறத்தில் ஒரு வாரத்துக்குள் முற்றத்தை மறைத்துப் பனையோலைத் தட்டி எழும்பியது. ஓலை காய்ந்து காற்றில் இரவும் பகலும் சலசலத்தது.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். தாங்கலிலிருந்து வந்தவர்கள் ஒன்பது படியையும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். பாதை திறக்கவில்லை. சரக்கு வண்டி வரும் நாளெல்லாம் சாலையில் இறக்கி, வாய்க்கால் கரை வழியே தலைச்சுமையாகத்தான் வந்தது. இனியும் அப்படித்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பொன்னுலிங்கம் கடைக்குப் போனார், வந்தார். அவள் சோறு வைத்தாள். தேவைக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, வயலும் மனையும் ஒன்றாகத் தண்ணீர் நின்றது. குழி தோண்டிய இடத்தில் தவளை கத்தியது. மூன்றாம் நாள் பிற்பகல் சொர்ணம்மாள் விளக்கோடு கீழறைக்குப் போய்ச் சிப்பங்களைத் தொட்டுப் பார்த்தாள். ஓலை காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. ஒரு சிப்பத்தைப் பிரித்துக் கருப்பட்டியை நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது.

பின்னால் பொன்னுலிங்கம் வந்து நின்றார். அவரும் ஒன்றை எடுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"நல்லா நிக்கு" என்றார்.

அவள் நகத்தில் ஒட்டிய பொடியைத் தட்டினாள்.

"பாதைய அடச்சிட்டானேன்னு உனக்கு இன்னும் கோவமா?"

"அவன் அடச்சது அவனுக்க கொணம். அதுக்கு நான் எதுக்கு உங்ககிட்டக் கோவப்படணும்? எங்கிட்ட மறச்சிய. பலகையில கோடு போட்டு எனக்கு வெளையாட்டுக் காட்டினிய. அது ஆறல்ல."

அவர் ஒரு சிப்பத்தின்மேல் உட்கார்ந்தார். வெளியே மழை கூரையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டேன். அந்த முத்தத்தில நிக்கும்போது எனக்கு முட்டு நடுங்கிச்சு. அத வந்து உங்கிட்டச் சொல்ல நாணமா இருந்துது. கள்ளன்னு சொல்லிட்டேன். பொறவு நீ அந்தத் துவாரத்தப் பெருசா வைக்கச் சொன்னியே, அப்பமே சொல்லியிருக்கணும். வாய் வரல்ல."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அப்படியே நின்றன. கோபம் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. போகவில்லை, ஆனால் அது இருந்த இடம் மாறியிருந்தது.

"இனி எந்த முத்தத்துக்குப் போனாலும் நானும் வாறேன்" என்றாள். "நடுங்கினா ரெண்டுபேருமா நடுங்குவோம்."

அவர் தலையசைத்தார். அவள் பிரித்த சிப்பத்தை மறுபடியும் ஓலை சுற்றிக் கட்டத் தொடங்கினாள். நார் வழுக்கியது. அவர் எழுந்து வந்து முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொடுத்தார்.